கச்சான் தோட்டத்து நாடாக்கள்

எனக்குக் கலியாணம் ஆனால் அந்தப் பித்துத் தெளிந்துவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கலியாணம் ஆனது; தெளியவில்லை. பிள்ளை பிறந்தால் தெளியும் என்றார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பாடசாலையில் ஆசிரியை ஆனபோது, இனி மரியாதைக்காகவாவது விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். கடைசியில் கசெட்டுகளை ஓடவிடும் இயந்திரமே கடைகளில் இல்லாமற் போனது. அத்தோடு என் பித்தும் போயிருக்கும் என்று நம்பி, அதைப் பற்றி என்னிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கடைசி நம்பிக்கையின் விளைவைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

உம்மா மவுத்தாகி, இறந்தவருக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்திருந்தது. அவருடைய அலுமாரியில் நான் வைத்திருந்த கசெட்டுகளை எடுத்துவருவதற்காக ஒரு காலை எத்தாளையிலுள்ள எங்கள் தாய்வீட்டுக்குப் போனேன். என் அண்ணன், நானா, தோட்டத்தில் நிற்பதாக மதினி சொன்னார். அவருக்கு முதலில் ஸலாம் சொல்லிவிட்டு வருவோம் என்று வேலியைத் தாண்டி நடந்தேன்.

முதலில் கேட்டது சத்தம்தான். சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம், ஏற்றமும் இறக்கமுமாய், நிற்காமல் வந்தது. கச்சான், அதாவது நிலக்கடலை, விதைத்த மணல் நிலம் இன்னும் முளைகாட்டவில்லை. அதன் குறுக்கும் நெடுக்குமாகக் கம்புகள் நட்டு, கம்புக்குக் கம்பு கறுப்பு நாடா இழுத்துக் கட்டியிருந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் அது மின்னியது.

எங்கள் பகுதியில் இது புதிதல்ல. விதைத்த கச்சானைக் காகமும் மயிலும் கிளறித் தின்னாமலிருக்கப் பழைய பாட்டுக் கசெட்டுகளைப் பிரித்து இப்படிக் கட்டுவார்கள். காற்றில் அது பாடும் சத்தத்துக்குப் பறவைகள் அண்டுவதில்லை. ஆனால் பாட்டுக் கசெட்டின் நாடா மிக ஒடுக்கமானது. நான் கையால் தொட்டுப் பார்த்த நாடா என் சுண்டுவிரல் அகலம் இருந்தது.

நானா தண்ணீர்ப் பம்பிக்கு அருகிலிருந்து கைகளைத் துடைத்தபடி வந்தார்.

“வா தங்கச்சி. பார்த்தியா, முந்தாநாள்ல இருந்து ஒரு மயிலும் இறங்கல்ல” என்றார்.

அவர் முகத்தில் பெருமை இருந்தது. என் காலடியில் பிளந்து கிடந்த கறுப்புப் பெட்டியைக் குனிந்து எடுத்தேன். அதன் முதுகில், பச்சை மையில், என் கையெழுத்தில், ‘1’ என்று எழுதியிருந்தது.

ஓர் அன்பருக்குப் பதில்

சில வாரங்களுக்கு முன், இவ்விதழில் நான் எழுதிவரும் இத்தொடரில், அந்தக் கசெட்டுகளில் பதிந்துவைத்திருந்த கார்ட்டூனைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கற்பிட்டியிலிருந்து ஓர் அன்பர் இதழாசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, பேரப்பிள்ளை காணும் வயதில், சிறுவர்களின் கேலிப்படத்தைப் பற்றி எழுதுவது இதழின் தரத்துக்குப் பொருந்துமா என்று அதில் கேட்டிருந்தார். கடிதம் பண்பாகவே இருந்தது. அந்தப் பண்புதான் என்னைச் சுட்டது.

இதே இதழில், தாம் இளமையில் பார்த்த கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றி ஒரு பெரியவர் பல வாரங்கள் எழுதினார். நான் அதை விரும்பி வாசித்தேன். அவருடைய வயதை எவரும் நினைவூட்டவில்லை. ஓர் ஆண் எதையேனும் நாற்பது ஆண்டுகள் நேசித்தால் அதற்குப் பெயர் ஈடுபாடு. ஒரு பெண் நேசித்தால் அது தெளியவேண்டிய ஒன்று. இந்த அத்தியாயத்தை நான் சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை அந்த அன்பருக்கு முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

கூழைக்கடா அதிபர்

ஏதோவொரு குளிர்நாட்டில் வரையப்பட்ட தொடர் அது. ரெயில் அபூர்வமாகவே வந்துபோகும் ஒரு சின்னஞ்சிறு புகையிரத நிலையம். அதன் அதிபர் ஒரு கூழைக்கடா. பயணிகள் தொலைத்த பொருட்களையெல்லாம் அவர் தம் அலகின் பைக்குள் பத்திரப்படுத்தி வைப்பார். யாரேனும் வந்து கேட்டால் வாயைத் திறப்பார். குடை வரும், தையல் இயந்திரம் வரும். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த எருதொன்று வெளியே வந்து, தன்னிடம் பயணச்சீட்டு இருக்கிறது என்று வாதாடியது. விதவையான ஒரு முள்ளம்பன்றி தினமும் வந்து, அந்தத் தண்டவாளத்திலேயே இல்லாத ஓர் ஊருக்கு ரெயில் எப்போது என்று விசாரிக்கும். அதிபர் ஒருநாளும் அவளை விரட்டியதில்லை.

சிங்களத்தில் குரல் சேர்த்து ஒளிபரப்பினார்கள். அதிபருக்குக் குரல் கொடுத்தவர் சிலாபத்தைச் சேர்ந்தவர். அவருடைய மகள் கேட்டுக்கொண்டபடி பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பேசியது கரையோரச் சிங்களம். கோபமோ இரக்கமோ மிஞ்சினால், கூழைக்கடா முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு தமிழில் முணுமுணுக்கும்.

முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயதிருக்கலாம். மேலதிகாரி தொலைபேசியில் கத்துகிறார். அதிபர் பணிவாகச் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு, பேசியை இறக்கையால் பொத்திக்கொண்டு, “இவனுக்கு வேற வேலையில்ல” என்றார். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த வாப்பா அதைத் தாழ்த்தி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அந்நாட்களில் எங்கள் மொழி அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து வந்ததென்றால் செய்தி நேரத்தில்தான் வரும்; கஞ்சிபோட்டு அழுத்திய சட்டைபோல் விறைப்பாக வரும். எங்கள் கரையில் கதைப்பதுபோல் கதைத்த ஒரு பறவையை நான் அதற்குமுன் கண்டதில்லை. அதிலிருந்துதான் நான் சிங்களமும் கற்றேன். இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பித்துப் பல்லாண்டு சம்பளம் வாங்கியவள், தன் முதல் ஆசான் யாரென்பதை இப்போதாவது சொல்லிவைக்க வேண்டும்.

பாங்கும் டெக்கும்

நான் நாடாக்கள் சேர்க்கத் தொடங்கியதற்குக் காரணம் உம்மாவின் ஒழுங்கு. நிகழ்ச்சி அந்திநேர மஃரிப் தொழுகையை ஒட்டி வரும். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்ததும் திரையை அணைத்துவிட வேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆகவே பாதிக் கதைதான் எனக்குக் கிடைக்கும்.

சவூதியில் வேலைசெய்த வாப்பா அடுத்தமுறை விடுமுறையில் வரும்போது, நாங்கள் டெக் என்றழைத்த வீடியோப் பதிவுக் கருவியொன்றும் ஒரு பெட்டி வெற்றுக் கசெட்டும் கொண்டுவந்தார். திரை இருண்டிருந்தாலும் டெக் தன்பாட்டில் பதிவுசெய்யும் என்பதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். உம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லி அனுமதி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, படமும் தெரியக்கூடாது சத்தமும் வரக்கூடாது, மற்றபடி அந்தப் பெட்டி என்ன செய்தால் எனக்கென்ன என்றார். நாங்கள் தொழுதுகொண்டிருக்கும்போது மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரியும். தொழுது, ஓதி முடித்தபிறகு நான் முழுக் கதையையும் பார்ப்பேன்.

தலவிலத் தேவாலயத் திருவிழாக் கடையொன்றில் வாப்பா எனக்கொரு பிளாஸ்டிக் கூழைக்கடா வாங்கித் தந்தார். உம்மா தொழும்போது அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பார். தொழுது முடிந்ததும் மறக்காமல் மறுபடி முன்பக்கம் திருப்பிவிடுவார். என் பித்தைப் பற்றி அதிகம் புலம்பியவரும் அவர்தான், அதற்கு அந்த வீட்டில் இடம்விட்டவரும் அவர்தான்.

நானாவையும் சொல்ல வேண்டும். காற்றில் அன்டெனா திரும்பிவிட்டால் கூரையில் ஏறுகிறவர் அவர். மேலிருந்து “வந்துதா?” என்பார். நான் கீழிருந்து “இன்னும் கொஞ்சம் மேக்கால” என்பேன். படம் தெளிந்ததும் இறங்கிப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். என் நாடாக்களில் தெளிவாக இருந்த ஒவ்வொரு படத்துக்கும் அவருடைய கையும் காரணம். இதை எழுதாமல் மற்றதை எழுதினால் நான் நேர்மையற்றவளாவேன்.

ஒன்று முதல் ஒன்பது வரை

இரண்டாம் ஆண்டில் யாரோ முறையிட்டிருக்கிறார்கள். சிங்கள நிகழ்ச்சியில் தமிழ் எதற்கு, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று. தொலைக்காட்சி நிலையம் அந்தக் கலைஞரை நீக்கியது. இலக்கணம் பிசகாத வேறொருவரைக் கொண்டு, ஏற்கெனவே ஒளிபரப்பிய கதைகளுக்கும் சேர்த்துக் குரலை மாற்றியது. பழைய நாடாக்களின் மேலேயே புதியதைப் பதிந்தார்கள். இன்று இணையத்தில் கிடைப்பது அந்த இரண்டாவது குரல்தான். அதில் குறையொன்றுமில்லை, உயிரொன்றுமில்லை.

என்னிடம் நாற்பத்துமூன்று கசெட்டுகள் இருந்தன. ஒன்று முதல் ஒன்பது வரை முதற் குரல். எந்தக் கசெட்டில் எந்தக் கதை, எங்கே தமிழ் வருகிறது என்பதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதியிருந்தேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு உப்புநீர்க் களப்போரம். உப்பு ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே அவற்றை எத்தாளையில் உம்மாவின் அலுமாரியில் வைத்து, ஈரத்தை உறிஞ்ச அரிசி கட்டிய துணிப்பைகளை இடையிடையே செருகி, வருடத்துக்கொருமுறை அரிசியை மாற்றி வந்தேன். எடுப்பவர் வரிசை மாறாமல் எடுக்கவேண்டும் என்பதற்காக இலக்கமிட்டு அடுக்கியிருந்தேன். என் ஒழுங்கே எனக்குப் பகையாகும் என்று நினைக்கவில்லை.

நில்மினி

அந்தத் தொடருக்கு இணையத்தில் ஒரு ரசிகர் குழு உண்டு. முதற் குரல் என்னிடம் இருக்கிறது என்று அதில் ஒருநாள் எழுதினேன். எவரும் நம்பவில்லை. புத்தளத்து முஸ்லிம் ஆசிரியை ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். இது எங்கள் பையன்களின் பிள்ளைப்பருவம், இதிலும் வந்து பங்கு கேட்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். நான் பதிலெழுதவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களில் பாதிப்பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து நில்மினி என்ற பெண் தனியாக எழுதினாள். அந்தக் கலைஞரின் மகள். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது தந்தை இறந்துவிட்டார். வீட்டில் புகைப்படங்கள் இருக்கின்றன. குரல் எதிலும் இல்லை. தொலைக்காட்சி நிலையத்துக்கு மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறாள். இல்லை என்ற பதிலைச் சொல்லக்கூட அவளை வாசலில் காக்கவைத்திருக்கிறார்கள். “அப்பா எப்படிக் கதைப்பார் என்று எனக்குத் தெரியாது” என்று எழுதியிருந்தாள்.

அதை வாசித்த அன்று நான் சோறு சாப்பிடவில்லை. சிலாபத்தில் டெக் திருத்துகிற ஒருவரை அவளே தேடி வைத்திருந்தாள். கத்தம் முடிந்ததும் ஒன்பதையும் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கோடுதான் அன்று காலை எத்தாளைக்குப் போயிருந்தேன்.

அது வேற

“நானா, இது என்ட கசெட்” என்றேன்.

“ஓம், உன்டதான். அலுமாரியை ஒழிச்சேன். டெக்கே இல்லாம இதை வச்சி என்னத்தச் செய்ற? பாட்டுக் கசெட் எல்லாம் முடிஞ்சி. இது அகலமா இரிக்கி, நல்லாச் சத்தம் போடுது.”

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேக்கிறதுக்கு என்ன இரிக்கி? கார்ட்டூன்தானே புள்ள.”

எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டேன். முன்னாலிருந்து ஒன்பது என்றார். தோட்டத்துக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டதாம். மீதியைச் சாக்கில் கட்டிப் பம்பிக் கொட்டிலில் வைத்திருந்தார். வீணாக்கக்கூடாது என்பதில் அவர் எப்போதும் கவனம்.

நான் வீட்டுக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். என் தட்டு துடைத்துக் கிடந்தது. அதற்கு மேற்தட்டில் நானா பள்ளிக்கூட நாளிலிருந்து வெட்டிச் சேர்த்த கிரிக்கெட் படங்களும் செய்திகளும், பொலித்தீனில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, இருந்தபடியே இருந்தன. பின்னால் வந்து நின்ற அவரிடம் அதைக் காட்டினேன்.

“அது வேற” என்றார்.

அந்த இரண்டு சொற்களை நான் ஆண்டுக்கணக்காக வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். எதனால் வேறு என்று கேட்டால் எவரிடமும் விடையிராது. அவருடைய பத்திரிகைத் துண்டுகளை வாசிக்கவும் எவரும் வரப்போவதில்லை. ஆனாலும் அவற்றை எடுத்து வேலி அடைக்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. தோன்றாதிருப்பதற்குப் பெயர்தான் மதிப்பு. எனக்கு அது கிடைக்கவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. நில்மினியைப் பற்றிச் சொன்னேன்.

“அந்தப் பிள்ளை வாப்பாட குரலைக் கேட்டதே இல்ல நானா. அது இந்த ஒன்பதிலதான் இருந்தது.”

நானா ஜன்னல்வழியே தோட்டத்தைப் பார்த்தார்.

“ஆள் மவுத்தா?” என்று கேட்டார்.

“ஓம்.”

அவர் வெளியே போய்ப் பம்பியை நிறுத்தினார். மதினி சோறு போட்டுவிட்டு அழைத்தார். நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டேன். நானாவின் வீட்டிலிருந்து நான் அப்படி வந்தது அந்த ஒரே முறைதான்.

முடிச்சுகள்

ஐந்தாம் நாள் நானா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் உரச்சாக்கு. அதற்குள் ஒன்பது பலகைத் துண்டுகள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் தூண்டில் நரம்பு சுற்றுகிற பலகைகள். இளமையில் அவரும் கடலுக்குப் போனவர். ஒவ்வொன்றிலும் நாடா சுற்றியிருந்தது.

“ஒண்டையும் விடல்ல. கம்பில சிக்கிக் கிடந்ததையும் கழட்டினேன். மண் ஒட்டியிருந்துச்சி, நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காயப்போட்டேன்” என்றார்.

அறுந்திருந்த இடங்களில் அவர் முடிச்சுப் போட்டிருந்தார். கடலில் எந்த மீன் இழுத்தாலும் அவிழாத முடிச்சு. நரம்பு அறுந்தால் அதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். ஒரு முடிச்சுப் போட்ட நாடா எந்த டெக்கிலும் ஓடாது என்பது அவருக்குத் தெரியாது. நான் முடிச்சுகளைத் தடவி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

கச்சான் என்னாயிற்று என்று கேட்டேன்.

“மயில் தின்னட்டும்” என்றார்.

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. பரவாயில்லை என்ற சொல்லை நானும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டு எழுந்தார். சிலாபத்துக்கு எப்போது போகிறாய், நான் கூட்டிப்போகிறேன் என்று வாசலில் நின்று கேட்டார்.

சிலாபத்தில்

திருத்துநர் பல வாரங்கள் எடுத்தார். முடிச்சுகளை வெட்டி, துண்டுகளை ஒட்டி, வெற்றுக் கசெட்டுகளில் சுற்றி ஓடவிட்டிருக்கிறார். படம் அநேகமாக எதிலும் இல்லை. வெயிலும் மணலும் தின்றுவிட்டன. ஒலி நாடாவின் ஓரத்தில் பதிவதால் சில துண்டுகளில் தப்பியிருந்தது. ஒன்பது கசெட்டுகளிலிருந்து மிஞ்சியதை ஒரு தேநீர் ஆறும் நேரம் கேட்கலாம். அதைக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தார்.

நில்மினி எனக்குமுன்பே வந்து கடையில் உட்கார்ந்திருந்தாள். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நானா உள்ளே வரவில்லை, கதவோரம் நின்றுகொண்டார்.

திரையில் வெண்புள்ளிகள் இரைந்தன. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. முள்ளம்பன்றி ரெயில் கேட்கும் காட்சி. அப்படியொரு ரெயில் இல்லை அம்மா என்று அதிபர் சிங்களத்தில் சொன்னார். பிறகு சற்று இடைவெளி விட்டு, தணிந்த குரலில், தமிழில் சொன்னார்: “இரு புள்ள, நான் கேட்டுச் சொல்றேன்.”

நில்மினி என் பக்கம் திரும்பினாள். அப்பா என்ன சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பாவின் அம்மா வீட்டில் தமிழ் கதைத்தவர் என்று ஒருமுறை காதில் விழுந்திருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றாள். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்தன.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு வெறும் இரைச்சல். கதை அங்கே அறுந்துவிட்டது. திருத்துநர் நிறுத்தக் கையை நீட்டினார்.

“ரெயில் இல்லாட்டி நடந்து போவோம்” என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

நானாதான். அடுத்த வசனம் அது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அந்த இழுப்புக்கூட இருந்தது. என் கொப்பியில் அது இருக்கிறது. அவர் என் கொப்பியைத் தொட்டதே இல்லை.

எனக்கு உண்மையான கோபம் வந்தது அந்த நொடியில்தான். தெரியாமல் செய்தார் என்று என்னை நானே தேற்றிவைத்திருந்தேன். இவ்வளவு காலமும் அந்தக் குரலை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் கம்புகளில் கட்டியிருக்கிறார். திரும்பி வரும்போது, இது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“வீட்டில ஓடினா காதில விழாதா?” என்றார். பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இப்போது நில்மினி மாதத்தில் ஒருநாள் வருகிறாள். மிஞ்சிய துண்டுகளுக்கு இடையில் என்ன இருந்தது என்று கேட்கிறாள். நான் கொப்பியைப் பார்த்து வாசிக்கிறேன். எந்த இடத்தில் குரல் தணியும், எந்த இடத்தில் உயரும் என்பது கொப்பியில் இல்லை. அதற்கு எத்தாளைக்குத் தொலைபேசி எடுக்கிறோம். முதல் இரண்டு முறை வேலையிருக்கிறது என்று நானா வைத்துவிட்டார். மூன்றாம் முறை அந்தக் குரலிலேயே சொல்லிக்காட்டினார்.

உம்மாவும் வாப்பாவும் இல்லை. அந்தக் குரலுக்குரியவரும் இல்லை. அவர் எப்படிக் கதைத்தார் என்று தெரிந்தவர்களில் நானாவும் நானும் இருக்கிறோம்.